அம்மாவின் போனில் என் பிறந்தநாள்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு. பதினொன்றரை இருக்கும். மறுநாள் காலைக் கூட்டத்திற்கான ஸ்லைடுகளை முடித்துவிட்டு மடிக்கணினியை அணைக்கப் போனேன். புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன், அணைக்காதே என்றது. சரி என்று பல் துலக்கப் போனேன். வந்து பார்த்தால் 27 விழுக்காடு. துவைத்த துணியைக் காயப் போட்டுவிட்டு வந்தேன். அதே 27. விசிறி மட்டும் பக்கத்து வீட்டு ஏர்கோன் மாதிரி இரைந்துகொண்டிருந்தது. ஒரு மணிக்குப் போய்ப் படுத்துவிட்டேன். காலையில் திறந்தால் எல்லாம் ஒழுங்காக இருந்தது. கீழ்ப்பட்டையில் நான் கேட்காத ஒரு புதிய பொத்தான் மட்டும் கூடுதலாக உட்கார்ந்திருந்தது.

இதெல்லாம் ஒரு துன்பமா என்று கேட்டால், இல்லைதான். போனிலும் இதே கதைதான். சேமிப்பு இடம் நிறைந்துவிட்டது என்று வாரம் ஒருமுறை அலறும். எதையாவது அழிக்கலாம் என்று உள்ளே போனால், அழிக்கவே முடியாத செயலிகள் ஏழெட்டு இருக்கும். கடையிலிருந்து வாங்கி வரும்போதே உள்ளே குடியிருந்தவை. எதையோ கேட்டு ஒரு பெட்டி திரையில் எழும்பும். 'ஒப்புக்கொள்கிறேன்', 'பிறகு நினைவூட்டு' என்று இரண்டு பொத்தான்கள். 'வேண்டாம்' என்று மூன்றாவது இருக்காது. அந்தச் சொல்லையே யாரோ அகராதியிலிருந்து எடுத்துவிட்ட மாதிரி.

அன்றிரவு எனக்கு வந்த கோபம் தாமதத்தினால் வந்ததல்ல. அந்தப் புதுப்பிப்பு அவசியமானது என்று எனக்குத் தெரியும். பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று அலுவலகத்தில் நானே மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பவன். தெரிந்தும் கோபம் வந்தது. என் காசில், பன்னிரண்டு மாதத் தவணையில் வாங்கிய பொருள். அதில் எப்போது என்ன நடக்க வேண்டும் என்று இன்னொருவர் முடிவு செய்கிறார். செய்துவிட்டு உன் நல்லதுக்குத்தான் என்கிறார். நல்லதாகவே இருக்கட்டும். என்னை ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

இந்தக் கோபத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத அது சுங்கை பட்டாணியில் எங்கள் வீட்டு முன்னறையில், அம்மாவின் போனில் போய் நின்றுவிட்டது. அங்கே போவதற்கு முன் கோபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது நியாயமான கோபம்தான், அதற்கு ஒரு சரித்திரமும் இருக்கிறது.

1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வகத்துக்கு செராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. அடிக்கடி தாள் சிக்கிக்கொள்ளும். அச்சுப்பொறி வேறொரு இடத்தில் இருக்கும். அச்சுக்கு அனுப்பியவர் தன் இடத்திலிருந்து எழுந்து போய்ப் பார்த்தால்தான் சிக்கியிருப்பது தெரியும். நம் அலுவலகங்களில் இன்றும் நடப்பதுதான். அங்கே ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலாளர் இருந்தார். பழைய அச்சுப்பொறியில் இதே தொல்லை இருந்தபோது, தாள் சிக்கினால் காத்திருப்பவர்களின் திரையில் செய்தி வரும்படி அவர் நிரலைத் திருத்தியிருந்தார். புதியதற்கும் அதையே செய்யப் பார்த்தார். முடியவில்லை, மூல நிரல் தரப்படவில்லை. அதை வைத்திருந்த இன்னொரு பல்கலைக்கழக ஆய்வாளரிடம் நேரிலேயே போய்க் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று அவர் மறுத்துவிட்டார். 1983இல் ஸ்டால்மன் ஆரம்பித்த கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் பின்னால் இருக்கும் கதைகளில் இதுவும் ஒன்று. தாள் சிக்கிய எரிச்சலில் இருந்து ஓர் அறக்கேள்வி பிறந்திருக்கிறது என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். கருவி என்னிடம் இருக்கிறது, அதன் மேலுள்ள அதிகாரம் வேறெங்கோ இருக்கிறது. அப்படியானால் அது யாருடைய கருவி?

இன்னொன்று நம் காலத்தில் நடந்தது. 2017 டிசம்பரில், பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைத் தான் குறைத்ததாக ஆப்பிள் ஒப்புக்கொண்டது. புது போன் வாங்க வைப்பதற்கான சதி என்று பலர் கொதித்தார்கள். பொறியியல் ரீதியாகப் பார்த்தால் காரணம் உண்மையானதுதான். லித்தியம்-அயன் பேட்டரி வயதாக ஆக அதன் உள்மின்தடை கூடும். செயலி திடீரென்று அதிக மின்னோட்டம் கேட்கும்போது மின்னழுத்தம் சரிந்து போன் பொசுக்கென்று அணைந்துவிடும். அப்படி அணையாமல் இருக்க வேகத்தைக் கொஞ்சம் கட்டிப்போடுவது புத்திசாலித்தனமான தீர்வு. என்னிடம் அந்த வேலையைக் கொடுத்திருந்தால் நானும் அதையே செய்திருப்பேன். தவறு எங்கே நடந்தது என்றால், சொல்லவில்லை. வேகம் ஏன் குறைந்தது என்று தெரியாமல் ஆட்கள் புது போன் வாங்கினார்கள், பேட்டரியை மாற்றினாலே போதும் என்று தெரியாமல். பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலருக்கு இறக்கினார்கள். 2018இல் பேட்டரியின் நிலையைக் காட்டும் ஒரு பக்கத்தையும், வேகக் கட்டுப்பாட்டை நிறுத்திக்கொள்ளும் வசதியையும் போனிலேயே கொடுத்தார்கள். 2017இல் மறைத்த அதே காரியத்தை 2018இல் சொல்லிவிட்டுச் செய்தார்கள். மின்தடையும் மின்னழுத்தமும் அப்படியேதான் இருந்தன. மாறியது, போனை வைத்திருப்பவருக்கும் அவர்களுக்கும் இடையிலான உறவு.

இதுவரை எழுதியபோது எனக்கு நன்றாக இருந்தது. நான் பாதிக்கப்பட்டவன், பெரிய நிறுவனங்கள் குற்றவாளிகள். இதற்கு மேல்தான் சிக்கல்.

போன வருடம் ஆகஸ்ட்டில் என் மாமாவுக்கு, அம்மாவின் தம்பிக்கு, வாட்சாப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. சொந்தக்காரர் ஒருவரின் எண்ணிலிருந்தே வந்தது. அந்தச் சொந்தக்காரரின் கணக்கை யாரோ பிடித்துவிட்டது அப்போது யாருக்கும் தெரியாது. பத்திரிகை என்று நினைத்துத் திறந்தது ஒரு செயலி. அது சில அனுமதிகளைக் கேட்டது. மாமா கொடுத்தார். அதில் ஒன்று, திரையில் இருப்பதைப் படிக்கவும் பயனருக்குப் பதிலாகப் பொத்தான்களைத் தட்டவும் விடுகிற அனுமதி. பார்வை குறைந்தவர்களுக்கும் விரல்கள் ஒத்துழைக்காதவர்களுக்கும் உதவ ஆண்ட்ராய்டில் வைத்திருக்கும் வசதி அது. உதவிக்கு வைத்த கதவு வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். இரவோடு இரவாக 23,000 வெள்ளி போய்விட்டது. சேமநிதியிலிருந்து எடுத்து வைத்திருந்த பணம். மாமா கத்தவில்லை, அழவில்லை. மூன்று மாதம் யார் வீட்டு விசேஷத்துக்கும் போகவில்லை, அவ்வளவுதான். கல்யாணப் பத்திரிகையைக் கண்டாலே முகம் மாறிவிடும்.

அடுத்த சனிக்கிழமை நான் பினாங்கிலிருந்து வீட்டுக்குப் போனேன். அம்மாவின் போனை வாங்கினேன். "எதுக்குடா?" என்றார். "ஒன்னும் இல்லமா, கொஞ்சம் கிளீன் பண்றேன்" என்றேன். இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. வெளியிலிருந்து வரும் செயலிகளை நிறுவ முடியாதபடி பூட்டினேன். தொடர்புப் பட்டியலில் இல்லாத எண்களிலிருந்து அழைப்பு வந்தால் மணி அடிக்காதபடி செய்தேன். கண்ட கண்ட இணைப்புகளெல்லாம் வருகிற வாட்சாப் குழுக்களைக் காப்பகத்துக்குள் தள்ளி ஒலியையும் நிறுத்தினேன். முகப்பில் பெரிய பெரிய படங்களாக ஆறு மட்டும் விட்டேன். வங்கிச் செயலியை என் போனுக்கு மாற்றிக்கொண்டேன். 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா அறிவித்த நடவடிக்கைகளின்படி ஒரு கணக்கின் பரிவர்த்தனைகளை ஒரே ஒரு கருவியில்தான் உறுதிப்படுத்த முடியும். ஆக என் போனில் அது இருந்தால் அம்மாவின் போனில் இருக்காது. கடைசியாகப் பின் நம்பர் வைத்தேன். அவர் அதுவரை பின் வைத்ததில்லை. மறக்காமல் இருக்கட்டும் என்று என் பிறந்தநாளை வைத்தேன்.

போனைத் திருப்பிக் கொடுத்தபோது அம்மா அதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா இருக்கு. பெருசா தெரியுது" என்றார். எனக்கு ஒரு நல்ல மகனின் திருப்தி.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அம்மா படிக்காதவர் அல்ல, இயந்திரங்கள் தெரியாதவரும் அல்ல. பத்தொன்பது வருடம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். நுண்ணோக்கியில் கண்ணை வைத்துச் சுற்றுப்பலகைகளில் பற்றாசு சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்கிற வேலை. என் படிப்புக்கான பணத்தில் பாதி அந்த நுண்ணோக்கி வழியாகத்தான் வந்தது. இப்போது நான் பார்க்கிற வேலையும் அதே பலகைகளைச் சோதிக்கிற வேலைதான், கொஞ்சம் குளிரான அறையில் உட்கார்ந்துகொண்டு. அப்படிப்பட்டவரின் போனில் நான் ஆறு படங்களை வைத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நடந்தவை சின்னச் சின்ன விஷயங்கள். கோயில் அன்னதானத்துக்கு 50 வெள்ளி அனுப்ப எனக்குக் கூப்பிடுவார். நான் கூட்டத்தில் இருப்பேன். "அப்புறம் அனுப்புறேன்மா." பசார் மாலாமில் கியூஆர் அட்டையைக் காட்டி வாங்குகிற பழக்கம் அவருக்கு அப்போதுதான் வந்திருந்தது, அது நின்றுபோனது. ஒருமுறை, "என்னமா எதுவும் வாங்கலையா?" என்று கேட்டேன். "ஒவ்வொன்னுக்கும் உன்ன கூப்புட முடியுமா? வேணா லா" என்றார். நான் அதைச் சிக்கனம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜனவரியில் அம்மாவின் கூட்டாளி ஒருவர் இறந்துபோனார். பால்மரத் தோட்டத்தில் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்ச். தோட்டம் கைமாறி வீடமைப்புப் பகுதியான பிறகு ஆளுக்கொரு ஊராகப் போனார்கள். அவர் கிள்ளானில் மகளோடு இருந்தார். வருடத்துக்கு இரண்டு தடவை பார்த்துக்கொள்வார்கள், மற்றபடி வாட்சாப்பில் குரல் செய்திகள். இறந்த அன்று காலை ஆறே முக்காலுக்கு அந்த மகள் கூப்பிட்டிருக்கிறார். அவருடைய எண் அம்மாவின் பட்டியலில் இல்லை. மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். போன் ஒருமுறைகூட ஒலிக்கவில்லை. தோட்டத்து ஆட்களின் குழுவில் செய்தி போட்டிருக்கிறார்கள், மறுநாள் பதினொரு மணிக்கு எடுப்பு என்று. அந்தக் குழு காப்பகத்துக்குள் கிடந்தது. அம்மாவுக்கு விஷயம் தெரிந்தபோது எடுத்து முடித்து நான்கு நாளாகியிருந்தது. யாரோ ஒருவர் சந்தையில் பார்த்து, "ஏன் வரல?" என்று கேட்டிருக்கிறார்.

அன்றிரவு அம்மா என்னைக் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. தவறிய அழைப்புகள் எங்கே இருக்கும் என்று கேட்டார். நான் வழி சொன்னேன். மூன்று அழைப்புகளும் அங்கே இருந்தன. கொஞ்சநேரம் எதிர்முனையில் சத்தமே இல்லை. பிறகு, "மொகத்தக்கூட பாக்கல தம்பி" என்றார். நான் எதையோ விளக்க ஆரம்பித்தேன். மோசடிக்காரர்கள் தெரியாத எண்ணிலிருந்துதான் கூப்பிடுவார்கள், அதனால்தான் என்று. நடுவில் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அது என் போனுதானே?"

அந்தக் கேள்வியை நான் கேட்டுப் பழகியிருக்கிறேன், என் மடிக்கணினியின் முன்னால், இரவு பதினொன்றரைக்கு. என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வெளிவந்த 'சுதந்திரம் பற்றி' என்ற நூலில் ஒரு பாலத்தைப் பற்றிச் சொல்கிறார். பழுதான பாலம். தெரியாமல் ஒருவன் அதில் கால் வைக்கப் போகிறான். எச்சரிக்க நேரமில்லை. அவனைப் பிடித்து இழுத்துவிட்டால் அது அவன் சுதந்திரத்தில் கைவைத்ததாகாது, ஏனென்றால் அவன் விரும்பியது ஆற்றில் விழுவதை அல்ல. ஆனால் விழுவது உறுதியில்லை, ஆபத்து இருக்கிறது, அவ்வளவுதான் என்றால், எச்சரிக்கலாம், வலுக்கட்டாயமாகத் தடுக்கக்கூடாது. ஆபத்தை எடுப்பதா வேண்டாமா என்பது அவன் முடிவு. மில் இதில் குழந்தைகளையும் சித்தம் கலங்கியவர்களையும் விலக்கிவிடுகிறார்.

என் சனிக்கிழமையை இந்தப் பாலத்தில் வைத்துப் பார்த்தேன். எச்சரிக்க நேரமில்லாமலா இருந்தது? முழு நாளும் இருந்தது. மதியம் படம் பார்த்தேன், சாயங்காலம் கூட்டாளிகளோடு மாமாக் கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் அம்மாவிடம் சொல்லாததற்குக் காரணம் வேறு. பூட்டுவதற்கு இருபது நிமிடம் போதும். சொல்லிப் புரிய வைக்க இரண்டு மணி நேரமாவது ஆகும். அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் கேட்கிற கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும், சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டும், அவர் சிலவற்றுக்கு வேண்டாம் என்றும் சொல்லக்கூடும். அந்த வேண்டாமைத் தவிர்க்கத்தான் கிளீன் பண்றேன் என்று பொய் சொன்னேன். பாசம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி சோம்பேறித்தனம். மென்பொருள் நிறுவனங்கள் ஏன் 'வேண்டாம்' பொத்தானை வைப்பதில்லை என்பது எனக்கு இப்போது கொஞ்சம் புரிகிறது.

ஆனால் மில்லின் பாலத்தை அப்படியே நம் காலத்துக்குக் கொண்டுவர முடியாது. அவருடைய பாலம் சும்மா நிற்கிறது, பொய் சொல்வதில்லை. மாமாவின் பாலம் கல்யாணப் பத்திரிகை வேஷத்தில் வந்தது, சொந்தக்காரரின் பெயரில் வந்தது. இணைப்பைத் திறக்காதே என்று அவரை நாங்கள் எல்லோரும் எச்சரித்திருந்தோம். வானொலியில் சொன்னார்கள், வங்கி குறுஞ்செய்தி அனுப்பியது. எச்சரிக்கை போதாது என்பதற்கு என் வீட்டிலேயே சாட்சி இருக்கும்போது, எச்சரித்துவிட்டு முடிவை அவரிடம் விடு என்று சொல்வது கையைக் கழுவுவதாகவும் ஆகலாம். இந்த இடத்தில் நான் இன்னும் தடுமாறிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அம்மாவின் கூட்டாளி இறந்த அதே ஜனவரியில்தான் சிங்கப்பூர் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. மோசடியிலிருந்து பாதுகாக்கும் சட்டம், ஜூலை 2025 முதல் நடப்பில் இருக்கிறது. ஒருவர் மோசடிக்காரருக்குப் பணம் அனுப்பப் போகிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், அவர் கணக்கிலிருந்து பணம் வெளியே போவதைத் தடுக்கச் சொல்லி போலீஸ் வங்கிகளுக்கு உத்தரவிடலாம். அவர் என் பணம், என் இஷ்டம் என்று சொன்னாலும் தடுக்கலாம். காதலிப்பதாகச் சொல்லி ஏமாற்றுகிறவனிடம் பணத்தைக் கொட்டுகிறவர், பிள்ளைகள் அழுது சொன்னாலும் கேட்காதவர், இப்படிப்பட்டவர்களை நினைத்து எழுதிய சட்டம். படித்ததும் என் முதல் உணர்வு, பார்த்தாயா, ஓர் அரசாங்கமே நான் செய்ததைத்தான் செய்கிறது என்ற நிம்மதி.

பிறகு விவரங்களைப் படித்தேன். உத்தரவு 30 நாட்களுக்குத்தான். தேவைப்பட்டால் ஐந்து முறை வரை நீட்டிக்கலாம், அதற்கு மேல் இல்லை. பேசிப் புரிய வைக்கிற மற்ற வழிகள் பலிக்காதபோது கடைசியாகத்தான் இதை எடுக்க வேண்டும். பாதிக்கப்படுகிறவர் போலீஸ் ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். இத்தனைக்கும் மேல் இது தனிமனித சுதந்திரத்தில் தலையிடுவதில்லையா என்று அங்கே விவாதித்தார்கள். நான் போட்ட பூட்டுக்கு முடிவுத் தேதி இல்லை. பேசிப் பார்ப்பது என்பதே இல்லை. அம்மாவுக்கு மேல்முறையீடு செய்ய வேண்டுமென்றால் என்னிடம்தான் வர வேண்டும். நான் கூட்டத்தில் இருப்பேன்.

இன்னொரு தத்துவவாதியையும் இழுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தில் தத்துவம் ஒரு கட்டாயப் பாடம், அப்போது தூங்கியதற்கு இப்போது வட்டி கட்டுகிறேன். இம்மானுவேல் கான்ட் 1784இல் அறிவொளி என்றால் என்ன என்று ஒரு சிறு கட்டுரை எழுதினார். மனிதர்கள் ஏன் சொந்த அறிவைப் பயன்படுத்தத் தயங்குகிறார்கள் என்பது அதன் கேள்வி. சோம்பலும் பயமும் என்கிறார். அத்தோடு விடாமல், அவர்களுக்குப் பாதுகாவலர்களாக இருக்க முன்வருபவர்களையும் கிண்டல் செய்கிறார். அந்தப் பாதுகாவலர்கள் ஆட்களை நடைவண்டியில் அடைத்து வைத்துவிட்டு, தனியாக நடந்தால் என்ன ஆபத்து என்று பயம் காட்டுகிறார்களாம். அந்த ஆபத்து அவ்வளவு பெரிதல்ல, சில முறை விழுந்தால் நடக்கப் பழகிவிடுவார்கள் என்கிறார்.

நடைவண்டி என்றதும் எனக்குத் தாத்தா வீட்டிலிருந்த மரவண்டிதான் ஞாபகம் வந்தது. மூன்று சக்கரம், மேலே பிடித்துக்கொள்ள ஒரு கட்டை. பிள்ளை பின்னால் நின்று தள்ளிக்கொண்டு போகும். விழுந்தால் விழும். கான்ட் சொல்வது அதுவல்ல, பிள்ளையை உள்ளே நிறுத்தி அடைக்கிற வகை. இப்போது பேரங்காடிகளில் விற்கிறார்களே, வட்டமான பிளாஸ்டிக் வாக்கர், நடுவில் பிள்ளையைத் தொங்கவிடுவது, அதற்குக் கிட்டத்தில் வருவது. கனடா 2004இல் இந்த வாக்கர்களின் விற்பனையையே தடை செய்துவிட்டது. பாதுகாப்பாக இருக்கும் என்று பெற்றோர் வாங்கிய சாமான், பிள்ளைகளோடு படிக்கட்டில் உருண்டதுதான் காரணம். நான் அம்மாவுக்குச் செய்து கொடுத்தது எந்த வண்டி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை அம்மாவோடு உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் என்று நினைத்தது நான்கு மணி நேரம் ஆனது, நடுவில் சாப்பாடு. நான் செய்த ஒவ்வொன்றையும் காட்டினேன், ஏன் செய்தேன் என்று சொன்னேன். மாமாவின் போனில் நடந்ததை ஒரு தாளில் படம் போட்டு விளக்கினேன். அம்மா கேட்ட கேள்விகளில் இரண்டுக்கு எனக்கே பதில் தெரியவில்லை, தேடித்தான் சொன்னேன். தெரியாத எண்களுக்கு மணி அடிக்காமல் இருப்பதை எடுக்கச் சொன்னார். குழுக்களைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். "தினம் பூ படம் போட்டு குட்மார்னிங் சொல்ற குரூப் ஒன்னு இருக்கும், அது மட்டும் உள்ளயே கெடக்கட்டும்." வெளிச் செயலிகளுக்கான பூட்டு இருக்கட்டும் என்றார், தம்பிக்கு வந்தது எனக்கு வர வேணாம் என்று. வங்கிச் செயலி அவர் போனுக்குத் திரும்பியது. புதுக் கருவி என்பதால் சில மணி நேரம் காத்திருக்கச் சொன்னது. அந்தக் காத்திருப்பு ஏன் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "திருடனா இருந்தா, நாம கண்டுபுடிக்க டைம் வேணும்ல" என்று அவரே சொன்னார். மாதம் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு வரம்பும் வைத்துக்கொண்டார். தொகை என்ன என்று எனக்குக் காட்டவில்லை.

எல்லாம் சுபம் என்று எழுத ஆசைதான். ஜூனில் நேரலையில் பார்த்து ஒரு மின்கேத்தலுக்கு 89 வெள்ளி கட்டினார். கேத்தல் வரவே இல்லை, விற்றவனின் பக்கமும் காணாமல் போனது. சொன்னபோது எனக்குக் கைகள் பரபரத்தன. போனை வாங்கி எல்லாவற்றையும் மறுபடியும் பூட்டிவிட வேண்டும் போலிருந்தது. அம்மா எனக்கு ஆறுதல் சொன்னார்: "எண்பத்தொன்பது வெள்ளிதானே. நீ யுனிவர்சிட்டில படிக்கறப்போ எத்தன போன தொலச்ச?" இரண்டு. இரண்டாவது அவர் ஓவர்டைம் செய்து வாங்கிக் கொடுத்தது. அப்போது யாரும் என்னிடமிருந்து போனைப் பிடுங்கிக்கொள்ளவில்லை.

அடுத்தது 23,000 ஆக இருந்தால் என்ற பயம் எனக்குப் போகவில்லை. தெரியாத எண்ணிலிருந்து அவருக்கு அழைப்பு வருகிறதென்றால், நான் பக்கத்தில் இருந்தால், என் உடம்பு விறைக்கிறது. எடுத்துப் பேசுவார். பெரும்பாலும் கூரியர்காரன். ஒருதடவை மட்டும் யாரோ மலாயில் நீதிமன்றம், வழக்கு என்று ஆரம்பித்தான். அம்மா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அது எவ்வளவு கஷ்டம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அரை நிமிடம் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

போன வாரம் வீட்டுக்குப் போயிருந்தபோது போனை என்னிடம் நீட்டினார். "என்னமோ அப்டேட் கேக்குது, பாரு." வாங்கி என் பிறந்தநாளை அடித்தேன். தவறு என்றது. விரல் தவறிவிட்டது என்று மறுபடியும் அடித்தேன். தவறு.

"மா, பின் மாத்திட்டீங்களா?"

"ஆமா லா. தீபாவளிக்கு முன்னாடியே."

"என்ன நம்பர்?"

"குடு இங்க" என்று வாங்கிக்கொண்டார். சுவர்ப் பக்கமாக லேசாகத் திரும்பி, ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எண்ணாக அடித்தார். திறந்ததும் என் கையில் கொடுத்தார்.

"இந்தா. எத அமுக்கப் போறன்னு சொல்லிட்டு அமுக்கு."